கார்டை ஒளித்து வைக்கும் மருமகள்

ஒரு ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். முகம் நாம் சொன்னபடி கேட்கும், செருப்பு கேட்காது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ரொம்பக் கொஞ்சம். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் வாத்தியார் என்னை விட்டார், நானும் அவரை விட்டேன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் செருப்பின் அடிப்பக்கம்தான். தள்ளுவண்டியில் விற்றேன், நடைபாதையில் விற்றேன், ஒரு கடை வாசலின் ஓரத்தில் உட்கார்ந்து விற்றேன், கடைசியில் அந்தக் கடையையே வாங்கினேன். இன்றைக்கு அந்தத் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட செருப்புக்கடை யாருடையது என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இது என்னைப் பற்றி எழுதுவதல்ல. என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தாள் போதாது. இது என் மருமகளைப் பற்றி.

என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அதிகம் பேச மாட்டான். அவன் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் அவனுக்குத் தேவைப்படவில்லை. ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியே எடுத்திருக்கிறான். எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சில மாதம் கழித்து அவளை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, இவங்களுக்கு ஒரு ஜோடி காட்டுங்க" என்றான். அதுவரை என் கடைக்கு ஒரு ஆளைக்கூடக் கூட்டிவராதவன். விஷயம் என்னவென்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அவளுடைய பழைய செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வலது குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. போகிற வழியில் நின்று நின்று திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தேயும். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேட்கலாமா? நல்லா விக்கிறதைக் கண்ணுக்கு நேரா வச்சிருக்கீங்களா, இல்ல நீங்க விக்கணும்னு நினைக்கிறதை வச்சிருக்கீங்களா?"

இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரும் கேட்காத கேள்வி. "எதுல எனக்கு நாலு காசு அதிகமா நிக்குமோ அதைம்மா" என்றேன்.

"நானும் அதே வேலைதாங்க பாக்கறேன்" என்று சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் மகன் தானாகச் செய்த முதல் நல்ல வியாபாரம் இது.

அவளுடைய அப்பா பாலம் கட்டும் கம்பெனியில் மேஸ்திரி. பாலம் முடிந்தால் ஊர் மாறும். ஆற்றின் இந்தக் கரையில் வீடு பிடிப்பார்கள், அந்தக் கரைக்குப் பாலம் போய்ச் சேர்ந்ததும் மூட்டை கட்டுவார்கள். அவர் கட்டிய பாலத்தில் ஊரே போய் வரும், அவர் வீட்டார் ஒரே ஒருமுறை போவார்கள், திரும்பி வர மாட்டார்கள். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். புதுப் பள்ளிக்கூடத்தில் யாரையும் தெரியாமல் உட்கார்ந்து, யார் கண் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே அவளுக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கிறது. எதிரில் இருப்பவர் முதலில் எதைப் பார்ப்பார், அப்புறம் எதைப் பார்ப்பார், கை எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். வாடகை வீடுகளில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால் அதுவரை ஒரு சுவரிலும் அவள் ஆணி அடித்ததில்லை. எங்கள் வீட்டு மாடிக்கு வந்த வாரத்திலேயே சுத்தியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஒரு ஆணி அடித்தாள். கீழே காரை உதிர்ந்து விழுந்தது. என் மனைவி மேலே பார்த்து, "என்னம்மா மாட்டப் போறே?" என்று கத்தினாள்.

"இன்னும் முடிவு பண்ணலை அத்தை" என்று பதில் வந்தது.

இப்போது அவள் வேலை. ஃபோனில் ஒரு பொருள் வாங்கினால் கடைசியில் பணம் கட்டச் சொல்லி ஒரு பக்கம் வருமே, அது கடைக்காரனுடைய பக்கம் இல்லை. நடுவில் ஒரு கம்பெனி உட்கார்ந்து பணத்தை வாங்கிக் கடைக்காரனிடம் கொடுக்கிறது. அப்படி ஒரு கம்பெனியில்தான் மருமகளுக்கு வேலை. கிரெடிட் கார்டில் கட்டினால் கார்டுக்காரன் வழியில் ஒரு கிள்ளு கிள்ளிக்கொள்வான். பேங்கிலிருந்து நேராகப் பணம் வந்தால் கிள்ள ஆளில்லை, மிச்சம் கம்பெனிக்கு. ஆகவே வாங்குகிறவர்களைக் கார்டுப் பக்கம் போகவிடாமல் பேங்க் பக்கம் தள்ளிவிட வேண்டும். கையைப் பிடித்துத் தள்ள முடியாது. பட்டனை வைத்துத் தள்ள வேண்டும். எந்தப் பட்டன் பெரிசு, எது பச்சை, எது மேலே, எதில் என்ன வார்த்தை என்று தீர்மானிப்பதுதான் அவள் உத்தியோகம்.

என் உறவுக்காரர் சிலருக்கு இது புரியவில்லை. "இதுக்கெல்லாமா சம்பளம் குடுப்பாங்க?" என்று கேட்டார்கள். எனக்குக் கேட்டவுடனே புரிந்தது, ஏனென்றால் இந்த வித்தையை அந்தக் கம்பெனி பிறப்பதற்கு முன்பே செய்தவன் நான். என் கடையில் கார்டு மெஷின் கல்லாவுக்கு அடியில், அளவு பார்க்கும் பலகைக்கும் கீழே இருக்கும். யாராவது கார்டை நீட்டினால் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். குனிவேன். ஒரு இருமல் இருமுவேன். ஒயரைப் பிரிப்பேன். அதற்குள் பாதிப் பேர், "பரவால்ல பெரியவரே, இருங்க" என்று வேறு வழியில் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். மருமகளிடம் இதைச் சொன்னபோது, "மாமா, எங்க பக்கத்துக்கு இருமத் தெரியாது, அதான் கஷ்டம்" என்றாள்.

எல்லாம் சரி, வீட்டுக்குள்ளேயே ஒரு எதிர்க்கட்சி இருந்தது. என் மனைவி.

அவளுக்குக் கார்டு வந்தது தற்செயலாக. கடை வாசலில் மேஜை போட்டுக் கார்டு கொடுத்துக்கொண்டிருந்த ஒருவன், குடை இனாம் என்றான். குடைக்காக வாங்கினாள். குடை முதல் மழையிலேயே மடங்கிப்போயிற்று, கார்டு தங்கிவிட்டது. அப்புறம் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினாள். வந்தது, சுற்றியது, துணியை மட்டும் நனைக்கவில்லை. விற்றவன் ஃபோனை எடுக்கவில்லை. கார்டின் பின்பக்கத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். காலையில் ஆரம்பித்த பேச்சு, நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோதும் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மாதமே பணம் திரும்பி வந்துவிட்டது. அதிலிருந்து அந்தக் கார்டை அவள் ஒரு கண்ணாடி உறையில் போட்டு வைத்திருக்கிறாள். என்னை ஒரு நாளாவது அப்படிப் பத்திரமாகப் பார்த்திருப்பாளா என்று தெரியவில்லை.

வீட்டில் இதனால் பிரச்சினை எதுவும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒருநாள் சாப்பிடும்போது மருமகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு மாமா. இந்த மாசக் கடைசிக்குள்ள வாங்கறவங்கள்ல பாதிக்கு மேல பேங்க் வழியா வரணுமாம். இல்லேன்னா இங்க இருக்கற எங்க குழுவை மூடிட்டு எங்களைத் தலைமை ஆபீசுக்கு மாத்திடுவாங்களாம்."

"அது எங்க இருக்கு?" என்றாள் என் மனைவி.

"விமானத்துல போகணும் அத்தை."

என் மகன், "லிஃப்ட் எல்லா ஊர்லயும் இருக்கும்" என்றான். வருடத்துக்கு ஒரு முழு வாக்கியம் பேசுகிறவன் அன்றைக்கு அதைப் பேசினான். அவளோடு போய்விடுவான் என்று அர்த்தம். மாடியை நான் எதற்குக் கட்டினேன்? சிமென்ட் மூட்டையை நானே தோளில் சுமந்து ஏற்றியவன், சும்மா கட்டவில்லை. மாடிக்குப் போன மருமகள் அந்த வெறும் ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மகன் அப்புறம் சொன்னான். பிடுங்க வருமா என்று பார்த்தாளாம்.

நான் அடுத்த நாளே களத்தில் இறங்கினேன். "நம்ம வீட்லயே சோதிச்சுப் பாரும்மா. உங்க அத்தை அமுக்கிட்டா உலகமே அமுக்கும்" என்றேன். இந்த யோசனை என்னுடையது. அதை எல்லோரும் மறந்துவிடுவதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்படி ஆரம்பித்தது சாயங்கால வியாபாரம். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு என் ஃபோனை நடுவில் வைப்போம். பேங்க் செயலி அதில்தான் இருந்தது. ஃபோனில் மருமகள் சோதனைக்குப் போட்டுக் கொடுத்த ஒரு பொய்க் கடை. அதில் என்ன வேண்டுமானாலும் வாங்கலாம், காசு போகாது. பொய்க் கடைதானே என்று என் மனைவி அசட்டையாக இருப்பாள் என்று நினைத்தோம். அவளா? படுக்கை விரிப்பின் நூல் என்ன, சாயம் போகுமா என்று படித்துப் பார்ப்பாள். பொய்க் கடையிலும் விலை அதிகம் என்று ஒரு வாணலியைத் திருப்பி வைத்தாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அத்தையின் கண்ணையும் விரலையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் நாள் பேங்க் பட்டனைப் பச்சையாக்கி மேலே வைத்தாள். மனைவி அதைத் தாண்டி நேரே கீழே போய்க் கார்டை அமுக்கினாள்.

மறுநாள் கார்டைச் சாம்பல் நிறத்தில் சின்னதாகப் போட்டாள். மனைவி மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். அமுக்கினாள்.

அதற்கடுத்து 'மற்ற வழிகள்' என்ற ஒரு சின்ன வரிக்குள்ளே கார்டை ஒளித்து வைத்தாள். மனைவி பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"எங்கம்மா வச்சே?"

"எதை அத்தை?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. இங்க தொட்டா என்ன வரும்? ஆங், இந்தா இருக்கு! என்கிட்டயேவா? உங்க மாமா சம்பளக் காசை எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிச்சவ நான்."

"சம்பளம் இல்ல, லாபம்" என்று நான் திருத்தினேன். யாரும் கவனிக்கவில்லை.

"அத்தை, பேங்க்ல கட்டினா கொஞ்சம் தள்ளுபடி கூட இருக்கு, பாத்தீங்களா?"

"பாத்தேன். எனக்குத் தள்ளுபடி குடுத்து என்கிட்டருந்து எதையோ வாங்கிக்கிறாங்க. என்னன்னு தெரியாம நான் ஏன் குடுக்கணும்?"

நானும் சும்மா இருக்கவில்லை. பச்சையை இன்னும் அடர்த்தியாக்கச் சொன்னேன். கடையில் நான் செய்வது போல, பேங்க் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு அழகான காலணிப் படம் போடச் சொன்னேன். அதைப் போட்டுப் பார்த்தபோது மனைவி, "இந்தச் செருப்பு நம்ம கடையில தேங்கிக் கிடக்கே, அதுதானே?" என்று கேட்டுவிட்டுக் கார்டை அமுக்கினாள்.

மாதம் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. வெளியே மற்ற ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேங்க் பக்கம் வந்தார்கள், ஆனால் பாதியைத் தொடவில்லை. ஒருமுறை பேங்கில் கட்டியவர்கள் அடுத்த முறை கார்டுக்கே திரும்பிப் போனார்களாம். ஏன் என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. "பச்சையை மாத்துங்க" என்றாராம். நான் முன்பே சொன்னதுதான்.

அப்போதுதான் நாற்காலி வந்தது.

ஒரு விடுமுறை நாள். புதுப் பக்கத்தை நிஜமான ஒரு வீட்டுப்பொருள் கடையில் அன்று வெளியே விட்டிருந்தார்கள். சின்ன ஃபோனில் அது எப்படித் தெரிகிறது என்று பார்க்க மருமகள் என் ஃபோனில் அந்தக் கடையைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வர, ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். என் மனைவி வந்தாள். மேஜையில் ஃபோன் இருக்கிறது, அதில் கடை இருக்கிறது. வழக்கமான வியாபாரம்தான் என்று உட்கார்ந்துவிட்டாள். பொய்க் கடையில் காசா பணமா என்று அன்றைக்குத் தாராளமாக ஒரு மசாஜ் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தாள். முதுகைப் பிசையும், காலைப் பிடித்துவிடும், கழுத்துக்குத் தனி உருளை. நிறம்கூடப் பார்த்து எடுத்தாள்.

"எனக்குக் கறிகாய் நறுக்கணும், நீங்க அமுக்குங்க. மருமக ஜெயிக்கட்டும் பாவம், இன்னிக்கு ஒரு நாள் பேங்க்கையே அமுக்குங்க" என்று என்னிடம் தந்தாள்.

பச்சைப் பட்டனை அமுக்கினேன். வழக்கமாக அத்தோடு 'நன்றி' என்று வந்துவிடும். அன்று பேங்க் திறந்து கட்டைவிரலைக் கேட்டது. மருமகள் பக்கத்தை இன்னும் நிஜம் போலச் செய்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு கட்டைவிரலை அழுத்தமாக வைத்தேன். டிங் என்று ஒரு சத்தம்.

மருமகள் படியிறங்கி வந்து ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

"மாமா... நாற்காலி வாங்கினீங்களா?"

"ஆமாம்மா. பேங்க்லதான்! சந்தோஷமா?"

அவள் ஃபோனைத் திருப்பி, போன தொகையைக் காட்டினாள். விலையை இங்கே எழுத மாட்டேன். என் வாடிக்கையாளர்கள் இதைப் படித்தால் என்னிடம் பணம் கொழிக்கிறது என்று நினைத்துச் செருப்புக்கு விலை குறைக்கச் சொல்வார்கள். என் மனைவி இன்றும் இதைத் தவறு என்கிறாள். நடந்ததை முழுவதும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மருமகள் ரத்து செய்யப் பார்த்தாள். கடைக்காரர்கள், "ஆர்டர் ஏத்தியாச்சுங்க" என்றார்கள். பேங்கில், "உங்க விரலை வச்சு நீங்களே அனுப்பின பணம் சார்" என்றார்கள். அதுவும் நியாயம்தான், விரல் என்னுடையதுதான். கடைசியில் அவளுடைய கம்பெனிக்கே, சாதாரண வாடிக்கையாளர் மாதிரி, என் ஃபோனிலிருந்து பேசினாள். மெஷின் குரல் ஒன்றை அமுக்கச் சொன்னது, இரண்டை அமுக்கச் சொன்னது, அப்புறம் இணையத்தில் பதில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு வைத்துவிட்டது. அந்தப் பக்கம் யார் எழுதியது தெரியுமா? அவளேதான். தான் எழுதியதைத் தானே மேலும் கீழும் படித்துப் பார்த்து, அதில் பதில் இல்லை என்று கண்டுபிடித்தாள்.

மனைவி கத்தியும் கையுமாகக் கதவருகில் நின்றாள்.

"கார்டுல போட்டிருந்தா ஒரே ஃபோன்ல முடிச்சிருப்பேன்."

இந்த இடத்தில் வேறு மருமகளாக இருந்தால் அழுதிருப்பாள், அல்லது சண்டை போட்டிருப்பாள். இவள் தலையைச் சாய்த்து என் மனைவியையே பார்த்தாள். கடையில் என் அலமாரியைப் பார்த்தாளே, அதே பார்வை.

"அத்தை, அன்னிக்கு வாஷிங் மெஷினுக்கு ஃபோன் பண்ணீங்களே. அந்தப் பக்கம் என்ன சொன்னாங்க?"

"அவங்க என்ன சொன்னாங்கன்னு யாருக்கு ஞாபகம்? நான் என்ன சொன்னேன்னுதான் ஞாபகம் இருக்கு."

"அவங்க எதுவுமே சொல்லலையா?"

"ஒரு பொண்ணுதான் எடுத்தா. 'சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா'ன்னா. நான் முடிக்கிற வரைக்கும் வைக்கலை. பணம் அப்புறம்தான் வந்துச்சு. ஆனா அன்னிக்கே எனக்குப் பாதி மனசு ஆறிப்போச்சு. திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கணும்மா. உன் பச்சைப் பட்டனுக்குப் பின்னாடி யார் இருக்கா?"

மருமகள் நேரே மாடிக்குப் போனாள். மேலே வீடியோவில் மேனேஜரோடு அவள் பேசியது கீழே எங்களுக்குக் கேட்டது. வீடு நான் கட்டினதுதான் என்றாலும் கூரை கொஞ்சம் மெல்லிசு.

"ஒளிச்சு வைக்கறது வேணாம் சார். கார்டையும் பேங்க்கையும் ஒரே அளவுல பக்கத்துல பக்கத்துல வைப்போம். பேங்க்குக்குக் கீழ ஒரு வரி. பொருள் வரலேன்னா, சரியில்லேன்னா, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, ஒரு மனுஷர் எடுப்பாங்க, விசாரிச்சுப் பணத்தைத் திருப்பிக் குடுப்போம்."

"பணம் திருப்பிக் குடுக்கறதைக் கூடச் சமாளிக்கலாம்மா. கார்டுக்காரனுக்குப் போறதுல மிஞ்சறது இருக்கு. ஆனா ஃபோனை யார் எடுக்கறது? அதுக்கு ஆள் போட நம்மகிட்ட வசதி இல்ல."

"நான் எடுக்கறேன்."

"நீங்க பட்டன் வேலை பாக்கறவங்க."

"அந்த வேலைதான் சார் இதுவும்."

மேனேஜர் பெருமூச்சு விட்டது கூரை வழியாக இறங்கி வந்தது. அந்த ஒரே ஒரு வீட்டுப்பொருள் கடையில் மட்டும், மாதம் முடிகிறவரை செய்து பார்க்கலாம் என்றார். கணக்கு அதே கணக்குதான். அந்தக் கடையில் பாதியைத் தாண்டவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் நாற்காலி வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு வாசற்கதவு என் அளவுக்கு வைத்துக் கட்டியது, நாற்காலி அளவுக்கு இல்லை. தூக்கி வந்தவர்கள் நேராகப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "கடைக்குக் கொண்டு போங்க" என்றேன். கண்ணாடிக் கதவு அகலம். அளவு பார்க்க உட்காரும் பெஞ்சை ஓரம் கட்டிவிட்டு அதை நடுவில் போட்டேன். செருப்புப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. முதுகு பிசைபடும்போது மனுஷனுக்கு மறுக்கத் தோன்றாது. "இந்த ஜோடியும் காட்டுங்க, அந்த ஜோடியும் காட்டுங்க" என்றார்கள். தேங்கிக் கிடந்த அந்தக் காலணிகூட விற்றுப்போயிற்று. இந்தத் தெருவில் வேறு எந்தச் செருப்புக்கடைக்காரனுக்காவது இந்த யோசனை வந்ததா?

மருமகள் காதில் ஒரு ஹெட்செட் மாட்டிக்கொண்டு மாடியிலேயே உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் அழைப்பு குறைவு. எடுக்கிறார்களா என்று பார்ப்பதற்கே கூப்பிட்டார்கள். "அய்யய்யோ, நிஜமாவே எடுத்துட்டீங்களா!" என்று பதறி வைத்தவர்கள் உண்டு. அப்புறம் ஒரு மேஜை விளக்கு உடைந்து வந்தது, ஒரு தலையணை வரவே இல்லை. எல்லோருக்கும் "சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள். முடிக்கிறவரை கேட்டாள். சொன்னபடி பணமும் திரும்பிப் போயிற்று. கணக்கு ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் எவ்வளவு என்று மேனேஜர் கடைசி நாள்தான் சொல்வாராம். அந்த நாள் வந்தபோது மாடியில் இரண்டு பெட்டிகள் அரைகுறையாகத் திறந்து கிடந்தன. நான் அவற்றைப் பார்க்காத மாதிரி இறங்கி வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் என் மனைவி மேஜையில் என் ஃபோனை எடுத்து வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். மருமகள் பார்க்காமல், தனியாக. அந்தக் கடையில் ஒரு காய் நறுக்கும் பலகை எடுத்தாள், நிஜமாகவே. பணம் கட்டும் பக்கம் வந்தது. கார்டு ஒளியாமல் எதிரிலேயே இருந்தது. பேங்க்கும் அதே அளவில் இருந்தது. கீழே இருந்த வரியை உதடு அசைய இரண்டு தரம் படித்தாள். என்னிடம் ஃபோனை நீட்டி, "விரலை வைங்க" என்றாள். பேங்க்!

நான் மாடியை நோக்கிக் கத்தப்போனேன். "இருங்க, இன்னும் முடியலை" என்று தடுத்து, அந்த வரியில் இருந்த எண்ணுக்குப் போட்டாள்.

மாடியில் மணி அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க" என்று ஃபோனிலும் கேட்டது, கூரையிலும் கேட்டது.

"ஒரு புகார் இருக்கும்மா. நாற்காலி ஒண்ணு வந்துச்சு. வீட்டுக்குள்ளயே வரலை."

மேலேயிருந்து, "சொல்லுங்கம்மா."

"கேக்காம கொள்ளாம வாங்கினது எங்க வீட்டுக்காரரு. அதுல இப்ப ஊர்ல இருக்கறவங்கள்லாம் உக்காந்து எந்திரிக்கிறாங்க, நான் இன்னும் உக்காரவே இல்லை. அது முதல் புகார். ரெண்டாவது, எங்க மருமக. சாப்பிட வான்னா நேரத்துக்கு வர்றதில்ல. ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறா. ஊரை விட்டுப் போகவேண்டியிருக்குமோங்கற பயத்துல பெட்டியைத் திறந்து வச்சிருக்கா, அதை எங்ககிட்ட சொல்லவும் மாட்டேங்கறா. நான் யார்கிட்டம்மா சொல்றது இதையெல்லாம்?"

"என்கிட்ட சொல்லுங்கம்மா. முடிக்கிற வரைக்கும் கேக்கறேன்."

மனைவி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். துண்டிலிருந்து தொடங்கி, சுவரில் காரை உதிர்ந்தது வரை வந்து, என் இருமலுக்கும் போய்த் திரும்பினாள். நான் ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்தேன். மேலேயிருந்து "சொல்லுங்கம்மா" மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் மனைவி மூச்சு வாங்கி நிறுத்தினாள்.

"நாற்காலியைத் திருப்பி எடுத்துக்க ஏற்பாடு பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டாள் மருமகள்.

"நாற்காலி மேல கையை வச்சுப் பாருங்க!" என்று நான் ஃபோனுக்குள் கத்தினேன்.

"வேணாமாம். இருக்கட்டும். புகார் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்" என்று மனைவி வைத்துவிட்டாள்.

அடுத்த நிமிடம் மேலே வீடியோவில் மேனேஜரின் குரல். புகார் அழைப்புகளை அவர் தலைமை ஆபீசில் இருந்துகொண்டு அவ்வப்போது ஒட்டுக்கேட்பாராம், எங்களுக்குத் தெரியாது.

"இப்பப் பேசினாங்களே, அந்தம்மா யாரு?"

"ஒரு கஸ்டமர் சார்."

"ஒரு முறைகூட நீங்க குறுக்க பேசலையே! சரி, கணக்கு வந்துடுச்சு. பாதியைத் தாண்டியாச்சு. முன்ன மாதிரி ஒருதடவை வந்துட்டுக் கார்டுக்கு ஓடவும் இல்ல, திரும்பவும் பேங்க்லதான் கட்டறாங்க. மத்த கடைகள்லயும் இதையே போடச் சொல்லிட்டாங்க. ஃபோன் எடுக்கற வேலைக்கு ஆள் சேர்க்கணும், நீங்கதான் பழக்கணும். அதனால நீங்க இங்க வர வேண்டாம். அங்கயே இருங்க."

கீழே எங்களுக்கு எல்லாம் கேட்டது. ஆனாலும் மருமகள் இறங்கி வந்து சொல்லட்டும் என்று ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவள் வரவில்லை. பெட்டிகள் மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் சுத்தியல் சத்தம். ஒரு அடி, இன்னொரு அடி. மேஜை மேல் காரை உதிர்ந்தது.

"இப்ப என்னம்மா மாட்டப் போறே?" என்று மனைவி மேலே பார்த்துக் கத்தினாள்.

"காதுல மாட்டறதை மாட்டத்தான் அத்தை. பழைய ஆணியில ஈரத் துண்டு மாட்டியாச்சு."

இப்போதெல்லாம் என் மனைவிக்கு எதிலாவது மனத்தாங்கல் என்றால் மாடிப்படி ஏறுவதில்லை. அந்த எண்ணுக்குப் போடுகிறாள். வரிசையில் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருக்கிறாள். நான் என் பங்குக்கு என் கடைக் கார்டு மெஷினை எடுத்துக் கல்லா மேலேயே வைத்துவிட்டேன், யாரும் கேட்காமலே. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எதில் பணம் கட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். பாதிப் பேர் அதைத் தாண்டிப் பேங்கிலேயே கட்டிவிட்டுப் போகிறார்கள். இருமுகிற வேலை மிச்சம்.